சிட்டிகை எத்தனை மில்லிகிராம்?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். வண்ண மீன் கடைகளில் அடுக்கடுக்காக நிற்கும் தொட்டி இதுதான். இதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று சித்தூரில் கேட்டாலும் திருப்பதியில் கேட்டாலும் ‘ஒரு அறுபது லிட்டர் இருக்கும்’ என்றுதான் பதில் வரும். கணக்குப் போட்டால் வேறு. ஒரு கன அடி 28.3 லிட்டர், இரண்டு கன அடிக்கு 56.6. விளிம்பு வரை யாரும் ஊற்றுவதில்லை, பத்து அங்குலத்தோடு நிறுத்துவார்கள். ஆக 47. அடியில் 5 கிலோ கூழாங்கல் போட்டால் அது 2 லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் 45.

அறுபதுக்கும் நாற்பத்தைந்துக்கும் 15 லிட்டர்தானே என்று தோன்றும். மருந்து போடும்போது அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மருந்தாகிவிடும்.

இதைவிடப் பெரிய பிழை விரல் நுனியில் இருக்கிறது. பெர்மாங்கனேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியிலேயே கரைத்து விட்டுவைக்கும் அளவு லிட்டருக்கு 2 மி.கி. 45 லிட்டருக்கு 90 மி.கி. கடையில் அளப்பதோ ‘ஒரு சிட்டிகை’. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எடுக்கிற அந்தக் கரு ஊதாத் துகள் கால் கிராமுக்குக் குறையாது. 250 மி.கி. என்றே வைத்துக்கொண்டாலும் லிட்டருக்கு 5.5 மி.கி.க்கு மேல் போகிறது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. செவுள் வெந்துபோகும். மறுநாள் காலை நாலு மீன் மிதந்தால் ‘நோய் முத்திடுச்சு’ என்று எழுதிக்கொள்வார்கள். மருந்து முத்தியதை எழுத எந்த நோட்டிலும் இடம் ஒதுக்கி வைப்பதில்லை.

இதற்கு வழி சிக்கனமானது. நகைக்கடைக்காரர் போல ஒரு சின்னத் தராசு. 1 கிராம் பெர்மாங்கனேட்டை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 1 மில்லியில் 1 மி.கி. இருக்கும். 45 லிட்டர் தொட்டிக்கு அந்தக் கரைசலில் 90 மில்லி. பிள்ளைகளுக்குச் சிரப் ஊற்றும் மூடியாலேயே அளந்துவிடலாம்.

திருப்பதிக்கும் சித்தூருக்கும் வருகிற வண்ண மீன்களுக்குச் சென்னை கொளத்தூர்தான் பெரிய சந்தை. திருப்பதிக்கு அங்கிருந்து ஏறத்தாழ 130 கி.மீ.; சித்தூருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், டைகர் பார்ப், ஃபைட்டர் எல்லாம் பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் என்று கட்டப்பட்டு வரும். அப்படி வரும் ஒரு லோடை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் நான் கணக்கு வசதிக்கு எடுத்துக்கொண்டவை. உங்கள் கடை விலையை அந்த இடத்தில் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒரு லோடு. 400 மீன், சராசரி கொள்முதல் 12 ரூபாய், ஆக ரூ. 4,800. பையும் வண்டியும் ரூ. 600. கடை வாசலுக்கு வந்து சேரும்போது ரூ. 5,400, ஒரு மீன் ரூ. 13.50. விற்பது சராசரி 30 ரூபாய்க்கு. அத்தனையும் விற்றால் ரூ. 12,000. வாடகைக்கும் கரண்டுக்கும் முந்திய லாபம் ரூ. 6,600.

நூற்றுக்கு முப்பது செத்தால்? 280 விற்கும், ரூ. 8,400 வரும், லாபம் ரூ. 3,000. சாவு 30 சதவீதம். லாபத்தில் போனது 54.5 சதவீதம். கடைக்காரர் நோட்டில் எழுதுவது வேறு எண். செத்தது 120, தலைக்கு 12 ரூபாய், நஷ்டம் ரூ. 1,440 என்று முடித்துவிடுவார். உண்மையில் கையைவிட்டுப் போனது ரூ. 3,600. செத்த மீனை வாங்கின விலைக்கு எழுதுவதுதான் இந்தத் தொழிலின் முதல் பொய். 220 மீன் செத்தால் விற்ற 180க்கு வரும் பணம் சரியாக ரூ. 5,400. அதற்கு மேல் ஒரு மீன் போனாலும் கொளத்தூர் வியாபாரிக்காக மட்டும் கடை நடத்துகிறோம் என்று அர்த்தம்.

இந்த நோட்டில் ஏறாத சாவு இன்னொன்று உண்டு. கடையில் சாகாமல், வாங்கிப் போனவர் வீட்டில் மூன்றாம் நாள் சாகிற மீன். அதற்கு ரூ. 30 வரவு ஏற்கெனவே ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவர் வந்து நிற்பார்.

‘அண்ணா, போன வாரம் வாங்கின ஏஞ்சல் ரெண்டும் போயிடுச்சு.’

‘தண்ணி மாத்தினீங்களா சார்?’

‘மாத்தினேன் அண்ணா. மொத்தமா கழுவி, புதுசா புடிச்சு ஊத்தினேன்.’

அங்கேயே காரணம் கிடைத்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் நிற்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தர விதி. நமக்கு நல்லது, செவுளுக்கு ஆகாது. ஃபில்டர் ஸ்பாஞ்சை அந்தத் தண்ணீரிலேயே பிழிந்து கழுவியிருப்பார். அம்மோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியா கூட்டம் அதோடு சாக்கடைக்குப் போயிருக்கும். அந்தக் கூட்டம் மறுபடி சேர 4 முதல் 6 வாரம் ஆகும். ஆனால் அவர் வாங்கிப் போகப்போவது இன்னும் இரண்டு ஏஞ்சலும் ஒரு நீல மருந்துப் புட்டியும்.

திருப்பதி நகருக்குக் கல்யாணி அணைத் தண்ணீரும் தெலுங்கு கங்கைத் தண்ணீரும் வருகின்றன. கடைகளில் பாதிக்கு மேல் போர் தண்ணீரும் கலந்துதான் ஓடும். எந்தத் தண்ணீரானாலும் 500 லிட்டர் டிரம்மில் பிடித்து ஒரு நாள் காற்று விட்டால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் ஹைப்போ. ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு ஹைப்போ என்பது நடைமுறை அளவு. லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் இருந்தால் 500 லிட்டருக்கு 500 மி.கி.; ஹைப்போ 3.5 கிராம். அரைக் கைப்பிடி அள்ளிப் போட வேண்டியதில்லை.

லோடு வந்து இறங்குகிற நேரத்தில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. நல்ல மனசோடு நடக்கிறது என்பதால் யாரும் திருத்துவதுமில்லை. பையைப் பிரித்து, அதை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டு, அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரை ஊற்றுவார்கள். மீன் ‘பழகட்டும்’ என்று.

பைக்குள் நடந்தது இது. மூடிய பையில் மீன் விட்ட கரியமில வாயு தண்ணீரில் கரைந்து, பி.எச். 6.5 வரை இறங்கியிருக்கும். மீன் கழித்த அம்மோனியாவும் அதிலேயே சேர்ந்திருக்கும். லிட்டருக்கு 5 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். பி.எச். 6.5இல், 28 பாகை வெப்பத்தில், அந்த 5 மி.கி.யில் விஷமாக இருப்பது நூற்றுக்கு 0.22 பங்குதான்: 0.011 மி.கி. மற்றதெல்லாம் தீங்கு குறைந்த அம்மோனியம். பையைப் பிரித்ததும் கரியமில வாயு வெளியேறும். போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற பி.எச். 8ஐ நோக்கி ஏறும். பி.எச். 8இல் விஷப் பங்கு 6.6 சதவீதம். அதே 5 மி.கி.யில் இப்போது 0.33 மி.கி. முப்பது மடங்கு. ஊற்றிய தண்ணீர் அதைப் பாதியாக நீர்க்கச் செய்தாலும் பதினைந்து மடங்கு. செவுள் கெடத் தொடங்குவது 0.05இல். நூறு கி.மீ.க்கு மேல் பத்திரமாக வந்த மீனைக் கடை வாசலில் அரை மணி நேரம் விஷத்தில் ஊறவைக்கிறோம். அன்றைக்குச் சாகாது. செவுள் கெட்ட மீன் நாலாம் நாள், அஞ்சாம் நாள் நோயில் படுக்கும். அதற்குள் லோடு வந்த நாள் மறந்துபோயிருக்கும்.

கட்டிய பையைப் பிரிக்காமல் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகும். பிறகு பிரித்து, வலையில் வடித்து, மீனை மட்டும் தொட்டியில் விட வேண்டும். பைத் தண்ணீர் வாளிக்கு. அதில் கொளத்தூர்த் தொட்டியின் ஒட்டுண்ணிகளும் வந்திருக்கும் என்பது கூடுதல் காரணம்.

விடுகிற தொட்டி எது? விற்பனைத் தொட்டியாக இருக்கக் கூடாது. இதைச் சொன்னால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். ‘நிக்கவே இடமில்ல, இதுல குவாரண்டைன் டேங்க்கா?’ சிரிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால் இதையும் கணக்காகவே பார்ப்போம்.

வாரம் ஒரு லோடு எடுப்பவருக்கு 14 நாள் தனிமை என்றால் இரண்டு லோடு ஒரே சமயத்தில் உள்ளே இருக்கும். லோடுக்கு 6 வீதம் 12 தொட்டி வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு லோடு என்றால் 6 போதும். அதனால்தான் மேலே பதினைந்து நாள் என்று எடுத்தேன். 6 தொட்டி ரூ. 6,000. ஸ்பாஞ்ச் ஆறு, ரூ. 900. இரும்பு ஸ்டாண்டு ரூ. 4,500. ஏர் பம்ப் ரூ. 2,000. இதற்கென்றே தனி வலை, வாளி, உறிஞ்சு குழாய் ரூ. 600. கூட்டினால் ரூ. 14,000.

ஓட்டும் செலவு: 35 வாட் பம்ப் 14 நாள் விடாமல் ஓடினால் 11.8 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் ரூ. 118. உப்பு லிட்டருக்கு 2 கிராம். 6 தொட்டிக்கு 270 லிட்டர், முதல் நாள் 540 கிராம். தினம் ஐந்தில் ஒரு பங்கு, 54 லிட்டர் மாற்றினால் அதோடு போகும் 108 கிராமையும் திரும்பப் போட வேண்டும். 13 நாளுக்கு 1,404. மொத்தம் 1,944 கிராம், இரண்டு கிலோ கல்லுப்பு. மளிகைக் கடையில் வாங்குகிற உப்புதான். மீன் படம் ஒட்டிய பொட்டலத்தில் விற்பதும் அதே சோடியம் குளோரைடுதான், விலை மட்டும் வேறு. தீனி, கொஞ்சம் மருந்து எல்லாம் சேர்த்து ரூ. 300 என்று முடிக்கலாம். பையன் தினம் அரை மணி நேரம் செலவழிப்பான். 7 மணி நேரம், மணிக்கு 70 ரூபாய், ரூ. 490. ஒரு லோடுக்கு மொத்தம் ரூ. 800 பக்கம்.

30 சதவீதச் சாவு 10 ஆகக் குறைந்தால் 80 மீன் பிழைக்கும், ரூ. 2,400. செலவு போக ரூ. 1,600. போட்ட 14,000 ஒன்பதாவது லோடில் திரும்பிவிடும், நாலரை மாதம். ஆனால் ஏற்கெனவே 15 சதவீதத்தோடு நடக்கிற நல்ல கடையில் அது 10 ஆனால் பிழைப்பது 20 மீன், ரூ. 600 வரவு, ரூ. 800 செலவு. நஷ்டம். 400க்கு 27 மீனாவது பிழைத்தால்தான் ஸ்டாண்டு தன் சோற்றைத் தானே சம்பாதிக்கும். எல்லாருக்கும் தனிமைத் தொட்டி கட்டாயம் என்று புத்தகங்கள் சொல்லும். நோட்டு அப்படிச் சொல்லவில்லை. அதைப் பார்க்காமல் தொட்டி வாங்க வேண்டாம். ஒன்றை மட்டும் கணக்கில் சேர்க்கவும்: 24 விற்பனைத் தொட்டியில் 1,000 மீன் நின்றால் அவை ரூ. 30,000. நேராக உள்ளே போகும் ஒரு நோயாளி மீன் பந்தயம் கட்டுவது அந்த முப்பதாயிரத்தின் மேல். எல்லாத் தொட்டியும் ஒரே ஃபில்டரில் இணைந்த கடை என்றால் 24 தொட்டியும் உண்மையில் ஒரே தொட்டிதான்.

புதுத் தொட்டியில் புது ஸ்பாஞ்ச் போட்டு 400 மீனை விட்டால் நோய்க்கு முன்னால் அம்மோனியா கொல்லும். மீன் ஒரு கிராம் என்றால் 400 கிராம். தினம் 2 சதவீதத் தீனி, 8 கிராம். நூறு கிராம் தீனிக்கு ஏறத்தாழ 3 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும். எட்டுக்கு 240 மி.கி. அதை 270 லிட்டரில் பிரித்தால் ஒரே நாளில் லிட்டருக்கு 0.9 மி.கி. பி.எச். 8, 30 பாகையில் அதன் விஷப் பங்கு 7.5 சதவீதம், 0.067. முதல் நாளே எல்லை தாண்டிவிட்டது. ஆறு ஸ்பாஞ்சையும் ஒரு மாதத்துக்கு முன்பே நன்றாக ஓடுகிற விற்பனைத் தொட்டியில் போட்டு ஊறவைக்க வேண்டும். அங்கிருந்து இங்கே வரலாம். இங்கிருந்து அங்கே திரும்பக் கூடாது.

இனி வெள்ளைப்புள்ளி. மீன் மேல் ரவையைத் தூவினாற்போல் இருக்கும். வாலில் முதலில் தெரியும், ஏனென்றால் வால் கண்ணாடி மாதிரி. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கு மேலே அல்ல, தோலுக்குள் ஒரு மெல்லிய படலத்தின் அடியில் இருப்பது தெரியும். இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்ற ஓரணு உயிர். 1876இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் இதை விவரித்தார். பெயரின் கடைசிச் சொல்லுக்கு ‘பிள்ளைகள் பல’ என்று பொருள், சும்மா வைக்கவில்லை. முற்றிய புள்ளி மீனை விட்டு உதிர்ந்து, கல்லில் ஒட்டிக் கூடு கட்டி, உள்ளேயே பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கில், ஆயிரம் வரைகூட, குஞ்சுகளை விடும். சராசரி 500 என்று வைத்தால் ஒரு மீனில் தெரியும் 10 புள்ளி நாளைக்கு 5,000 நீந்தும் குஞ்சு. 45 லிட்டரில் லிட்டருக்கு 111. அவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும், பெரும்பாலும் பிடித்துவிடும்.

உப்பும் மருந்தும் கொல்வது அந்த நீந்தும் குஞ்சை மட்டும். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. அதனால்தான் ‘மருந்து போட்டேன், ரெண்டு நாள்ல புள்ளி போச்சு, நாலாம் நாள் திரும்பி வந்துச்சு’ என்ற புலம்பல். புள்ளி போகவில்லை, பிரசவத்துக்குப் போயிருக்கிறது. ஒரு சுற்று முடிய 25 பாகையில் 4, 5 நாள். 10 பாகையில் ஒரு மாதத்துக்கு மேல். 14 நாள் என்பது நம் ஊர் வெப்பத்தில் இரண்டு, மூன்று சுற்று. அந்த எண்ணுக்குக் காரணம் இதுதான்.

திருப்பதியில் மே மாதத்தில் வெயில் 40ஐத் தாண்டும். கடைக்குள் தொட்டித் தண்ணீர் தானாகவே 31, 32இல் நிற்கும். அந்தச் சூட்டில் வெள்ளைப்புள்ளி பெருகாது. ஏழுமலையான் வெயிலே மருந்து. மார்கழி இரவில் 20க்குக் கீழே இறங்கும்போதுதான் அதற்குத் திருவிழா. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தோடு கூட்டமாக ஊருக்கு வருவதுபோல் வருகிறது. கோல்டு ஃபிஷ்ஷைக் கொல்லும் ஹெர்பிஸ் வைரஸ் ஒன்றும் இதே 20, 25 பாகையில்தான் வேலை செய்யும். 1992இல் ஜப்பானில் முதலில் தெரிந்த அந்த நோய் இந்தியாவிலும் பதிவாகிவிட்டது. அதற்கு மருந்தே கிடையாது.

ஹீட்டர் போடலாமா? 45 லிட்டரை 5 பாகை ஏற்ற 0.26 யூனிட் போதும். ஏற்றுவது சுலபம், நிறுத்திவைப்பதுதான் செலவு. 100 வாட் ஹீட்டர் பாதி நேரம் எரிந்தால் நாளைக்கு 1.2 யூனிட், ரூ. 12. 24 விற்பனைத் தொட்டிக்கும் ரூ. 288, மாதம் ரூ. 8,640. தனிமை ஸ்டாண்டின் 6 தொட்டிக்கு மட்டும் 14 நாளுக்கு ரூ. 1,008. மார்கழி லோடுக்கு ஓட்டும் செலவு 800 போய் 1,800 ஆகிறது. 60 மீன் பிழைத்தால்தான் கட்டுபடி. விற்பனைத் தொட்டிகள் போல் இதுவும் குளிரட்டும் என்று விட்டால் பணம் மிச்சம், புள்ளி நிச்சயம்.

ஹீட்டரை ஏற்றும் முன் ஒரு எச்சரிக்கை. வாயோரம் பஞ்சு ஒட்டியதுபோல், முதுகில் சேணம் போட்டதுபோல் வெளுத்துத் தெரிந்தால் அது வெள்ளைப்புள்ளி இல்லை. கடையில் ‘ஃபங்கஸ்’ என்பார்கள். பெரும்பாலும் அது காளானும் இல்லை. காலம்நாரிஸ் என்ற பாக்டீரியா. சூடு ஏற ஏற இது வேகமெடுக்கும்; 30க்கு மேல் ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்யும். ஒன்றுக்கு மருந்தாகிற சூடு மற்றொன்றுக்குத் தீனி. ரவையா பஞ்சா என்று பார்க்க ஒரு டார்ச்சும் இரண்டு நிமிடமும் போதும்.

ஃபார்மலினும் நம் கடைகளில் புழங்குகிறது. அளவு லிட்டருக்கு 0.025 மில்லி, 45 லிட்டருக்கு 1.1 மில்லி, 22 சொட்டு. சொட்டுக் கணக்கைவிட முக்கியம் காற்று. ஒவ்வொரு 5 பங்கு ஃபார்மலினும் தண்ணீரிலிருந்து 1 பங்கு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். 30 பாகைத் தண்ணீரில் முழுதாகக் கரைந்தாலே 7.5 மி.கி.தான் ஆக்சிஜன் இருக்கும். 0.025 மில்லி என்பது பத்து லட்சத்தில் 25 பங்கு; அந்த 25க்கு 5 போனால் மிச்சம் 2.5. அந்த இரவில் கரண்டும் போனால் விடியும்போது தொட்டி முழுக்க வெள்ளை வயிறுகள். பேட்டரியில் ஓடும் பம்ப் இல்லாத கடை ஃபார்மலின் புட்டியைத் தொடக் கூடாது. மனிதனுக்கும் அது புற்றுநோய்ப் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே நின்று கலக்குகிற வேலை வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் வாங்கி உடைத்துப் போடுவது எனக்குக் கோபம் வரவைக்கிற பழக்கம். 250 மி.கி. கேப்ஸ்யூல் 45 லிட்டரில் லிட்டருக்கு 5.6 மி.கி. வேலை செய்ய வேண்டுமென்றால் அதைப்போல் பல மடங்கு வேண்டும். அதிலும் நம் போர் தண்ணீர் கடின நீர். கால்சியமும் மெக்னீசியமும் டெட்ராசைக்ளினைக் கட்டிப்போட்டுவிடும். நோய்க் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. திருப்பதியிலேயே 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2005 முதல் அதற்கொரு பல்கலைக்கழகமும் இருக்கிறது. நாய்க்கும் மாட்டுக்கும் அங்கே போகிற ஊர், மீனுக்கு மருந்துக் கடைப் பையனிடம் கேட்கிறது.

வலைக்கு வருவோம். நாற்பது ரூபாய் வலை ஒன்று 24 தொட்டிக்கும் போய் வரும். நோய்க்கு அதுவே டவுன் பஸ். 10 லிட்டர் வாளியில் லிட்டருக்கு 200 மி.கி. குளோரின் என்றால் 2 கிராம் குளோரின். 30 சதவீத ப்ளீச்சிங் பவுடரில் 6.7 கிராம். ஒரு மணி நேரம் ஊறவைத்து, 14 கிராம் ஹைப்போ கரைத்த இன்னொரு வாளியில் அலசினால் முடிந்தது. டப்பா திறந்து மூன்று மாதமான பவுடரில் 30 இருக்காது, அதையும் நினைவில் வைக்க வேண்டும். இது எதுவும் முடியாதா? நாலு வலை வாங்கி மாற்றி மாற்றி மொட்டை மாடியில் உலர்த்துங்கள். முழுக்கக் காய்ந்த வலையில் வெள்ளைப்புள்ளி பிழைக்காது. திருப்பதி வெயிலுக்குப் பில் வருவதில்லை.

கையில் வெட்டுக் காயத்தோடு தொட்டி கழுவுகிற பையனுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் இந்தச் செலவில் ஏற வேண்டும். மீன்களில் இருக்கும் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி காயம் வழியே புகுந்து, சில வாரம் கழித்துக் கட்டியாகத் தெரியும். காசநோய்க் கிருமியின் பங்காளி. ஆறாத கட்டிக்கு மாதக்கணக்கில் மாத்திரை.

தனிமை ஸ்டாண்டிலிருந்து தினம் எடுக்கும் 54 லிட்டர் 13 நாளில் 702 லிட்டர். அன்றன்றைய 54 லிட்டரில் 1.8 கிராம் ப்ளீச்சிங் பவுடரைப் போட்டு ஒரு மணி நேரம் வைத்தால் லிட்டருக்கு 10 மி.கி. குளோரின், பிறகு சாக்கடையில் விடலாம். ஏரிக்கோ குளத்துக்கோ தண்ணீரும் போகக் கூடாது, மீனும் போகக் கூடாது. தொட்டி கழுவ வாங்கிய சக்கர் மீன் ஆந்திர ஆறுகளில் பெருகி வலையைக் கிழிப்பதை மீனவர்கள் ‘தெய்யம் சேப்ப’, அதாவது பேய் மீன் என்று திட்டுகிறார்கள்.

அரசு பக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்களுக்குச் சென்னை நீலாங்கரையில் 2009 முதல் தனிமைப்படுத்தும் மையம் இருக்கிறது. பக்கத்து நெல்லூரின் இறால் பண்ணைகளுக்கு அதன் அருமை தெரியும். நீர்வாழ் உயிரிகளின் நோய்க் கண்காணிப்புக்கான தேசியத் திட்டம் 2013இல் தொடங்கியது. நோயைப் புகைப்படத்தோடு தெரிவிக்கும் செயலி 2023 ஜூனில் வந்தது. 2020இல் தொடங்கிய பிரதமர் மீன்வளத் திட்டத்தில் வீட்டுப் பின்புற வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு மதிப்பீடு ரூ. 3 லட்சம், பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் பிரிவினருக்கும் 60 சதவீதம் மானியம். மூன்று லட்சத்தில் நம் 14,000 ரூபாய் ஸ்டாண்டு ஐந்து சதவீதம்கூட வராது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிந்ததிலிருந்து சித்தூர்க் கடைக்காரருக்கு ஓர் அலுவலகம், திருப்பதிக் கடைக்காரருக்கு வேறு அலுவலகம்.

புரட்டாசியில் கறி மீன் கடை ஈ ஓட்டும். வண்ண மீன் கடைக்கு அந்தக் கவலை இல்லை. அதற்கு வருகிற கவலை 14ஆம் நாள் காலையில் வரும். நாளைக்கு அடுத்த லோடு. ஸ்டாண்டைக் காலி செய்ய டார்ச்சோடு உட்கார்ந்து ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே வரும்போது, ஐந்தாவது தொட்டியில் ஒரே ஒரு மோலியின் வாலில் ஒரே ஒரு புள்ளி. அந்தத் தொட்டிக்கு நாள் கணக்கு மறுபடி 1இலிருந்து. அதே உறிஞ்சு குழாயை ஆறு தொட்டியிலும் போட்டிருந்தால் ஆறுக்கும். கொளத்தூருக்குப் போன் போட்டு வண்டியை இரண்டு வாரம் தள்ளச் சொல்ல வேண்டும். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அது நோட்டில் தனி வரி. இன்னும் இரண்டு கிலோ கல்லுப்பு.